கத்தரிக்கு முன் கணக்கு: திராட்சைக் கொடிக் கவாத்து ஒரு பாடமாக

பத்தாம் வகுப்பு அறிவியலில் தாவர ஹார்மோன்கள் பற்றிய பாடத்தில் 'நுனி ஆதிக்கம்' வருகிறது. தண்டின் நுனியில் உருவாகும் ஆக்சின் பக்க மொட்டுகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது. நுனியை நீக்கினால் பக்க மொட்டுகள் துளிர்க்கின்றன. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இவ்வளவு போதும். மாணவர்களும் மனப்பாடமாக எழுதிவிடுகிறார்கள். ஆனால், "வீட்டுப் பந்தலில் சுரைக்கொடி ஏறியதும் உங்கள் பாட்டி ஏன் அதன் கொழுந்தைக் கிள்ளுகிறார்?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். பாடநூலில் இருப்பதும் பந்தலில் நடப்பதும் ஒன்றுதான் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

செஞ்சி வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் நெல், மணிலா, கரும்பு, பூ என்று ஏதோ ஒரு பயிரோடு வாழும் குடும்பங்களிலிருந்து வருகிறார்கள். செடியைப் பற்றி அவர்கள் வீட்டில் பேசப்படும் செய்திகள் ஏராளம். அவற்றில் ஒன்றுகூட விடைத்தாளுக்கு வருவதில்லை. இந்த இடைவெளியைக் குறைக்க ஏற்ற பயிரைத் தேடியபோது எனக்குக் கிடைத்தது திராட்சைக் கொடி. அதை வெட்டிப் பழக்கும் முறையைக் கற்றதையும், வகுப்பில் பயன்படுத்தியதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் திராட்சை?

மாமரத்தை வெட்டாமல் விட்டாலும் ஏதோ காய்க்கும். திராட்சைக் கொடியை நம் ஊர் வெயிலில் வெட்டாமல் விட்டால் இலையும் கொடியுமாகப் படர்ந்துகொண்டே போகும். விளைச்சல் குறைந்து தாறுமாறாகிவிடும். குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்ததும் திராட்சை இலைகளை உதிர்த்து உறங்குகிறது. குளிர் முடியும் தறுவாயில் ஒருமுறை கவாத்து செய்கிறார்கள். வசந்தத்தில் எல்லா மொட்டுகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் விழிக்கின்றன. நம் நாட்டு வெப்பப் பகுதிகளில் அப்படி ஒரு குளிர்காலம் இல்லை. கொடி ஆண்டு முழுவதும் பச்சையாகவே இருக்கிறது. பனிக்காலம் செய்யும் வேலையை இங்கே கத்தரி செய்கிறது. வெட்டும் நாள்தான் கொடிக்குப் புதுப் பருவம் தொடங்கும் நாள்.

மகாராஷ்டிரத்தில் ஆண்டுக்கு இருமுறை வெட்டுகிறார்கள். ஏப்ரல் வாக்கில் செய்வது புதுக் குச்சிகளை வளர்ப்பதற்கான அடிக் கவாத்து; அக்டோபர் வாக்கில் செய்வது காய்ப்புக் கவாத்து. இரண்டு வெட்டுக்கு ஒரு விளைச்சல். தமிழ்நாட்டில் பன்னீர் திராட்சைக்கு ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு விளைச்சல் எடுக்கிறார்கள். டிசம்பர்–ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல்–மேயில் அறுவடை. மே–ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட்–செப்டம்பரில் அறுவடை. ஒரே செடி, ஒரே நாடு. பருவநிலையும் ரகமும் மாறும்போது முறையும் மாறுகிறது. இந்த ஒப்பீடு மட்டுமே ஒரு பாடவேளைக்குப் போதுமான பொருள்.

கம்பத்தில் கற்றது

2023 மே விடுமுறையில் தேனி மாவட்டத்துக்குச் சென்றேன். செஞ்சியிலிருந்து சுமார் 400 கி.மீ. கம்பம் பள்ளத்தாக்கில் கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி என்று ஊர் ஊராகத் திராட்சைப் பந்தல்கள். செஞ்சி பேருந்து நிலையத்தருகே தள்ளுவண்டியில் நாம் வாங்கும் கருநீலப் பன்னீர் திராட்சைக்குத் தாவர நூல்களில் மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். 1832-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிறது. 'கம்பம் பன்னீர் திராட்சை'க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டத்துக்குத் தோட்டம் வெவ்வேறு நாளில் வெட்டுவதால், ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு பந்தலில் பழம் இருந்துகொண்டே இருக்கும். அதனால் நான் போன நேரத்திலும் ஓரிடத்தில் கவாத்து நடந்துகொண்டிருந்தது.

நாற்பது ஆண்டுகளாகக் கத்தரி பிடிக்கும் பெரியவர் ஒருவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். "ஐயா, எங்கிருந்து வெட்டத் தொடங்க வேண்டும்?" என்று கேட்டேன். "மொதல்ல கொடிய ஒரு சுத்து சுத்தி வாங்க டீச்சரம்மா. கத்திரிய அப்புறம் எடுக்கலாம்" என்றார். அவர் ஒவ்வொரு குச்சியையும் விரலால் உருட்டிப் பார்த்தார், அடியிலிருந்து மொட்டுகளை எண்ணினார், பிறகுதான் வெட்டினார். அன்று காலை முழுவதும் நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பிற்பகலில்தான் கத்தரி என் கைக்கு வந்தது.

அவரிடம் கற்ற வரிசை இது.

1. காய்ந்த குச்சி, நோய்பட்ட குச்சி, ஒன்றன்மேல் ஒன்று உரசும் குச்சி ஆகியவற்றை முதலில் அடியோடு நீக்க வேண்டும்.

2. மீதியுள்ளவற்றில் முற்றிய குச்சி எது, முற்றாதது எது என்று பிரிக்க வேண்டும். முற்றியது பழுப்பு நிறத்தில், பென்சில் தடிமனில், உறுதியாக இருக்கும். முற்றாதது பச்சையாகவோ மெலிந்தோ இருக்கும்.

3. பன்னீர் திராட்சையில் முற்றிய குச்சிக்கு அடியிலிருந்து நான்கு மொட்டுகள் விட்டு வெட்ட வேண்டும். மெலிந்த குச்சிக்கு ஒன்று அல்லது இரண்டு மொட்டுகள் மட்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் இதுவே.

4. கடைசி மொட்டுக்குச் சற்று மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சரியும்படி சாய்வாக வெட்ட வேண்டும். அப்போதுதான் வெட்டிலிருந்து வடியும் நீர் மொட்டின் மேல் நிற்காது.

5. வெட்டுவாயில் போர்டோ பசை தடவ வேண்டும்.

முழுத் தோட்டத்துக்கும் விதி ஒன்றுதான். ஆனால் எந்தக் குச்சிக்கு எந்த வெட்டு என்பதை ஒவ்வொரு குச்சியிலும் புதிதாக முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கூலி வேலை என்று நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடும் வேலைக்குள், உற்றுநோக்கல், வகைப்படுத்தல், கணித்தல் என்று நாம் செயல்வழிக் கற்றலில் எழுதிவைக்கும் திறன்கள் எல்லாம் இருந்தன.

மொட்டுக்குள் என்ன இருக்கிறது?

நான்கு மொட்டு விடுவது ஏன்? இதற்கான விடையில்தான் பாடத்தின் உயிர் இருக்கிறது. திராட்சையின் பூங்கொத்து வெட்டிய பிறகு புதிதாக உருவாவதில்லை. முந்தைய பருவத்தில் குச்சி வளர்ந்துகொண்டிருந்தபோதே ஒவ்வொரு கணுவிலும் உள்ள மொட்டுக்குள் ஒரு சிறு தண்டு, அதன் இலைகள், பூங்கொத்தின் தொடக்கம் எல்லாம் உருவாகிவிடுகின்றன. வெளியே ஒரு மொட்டாகத் தெரிவது உண்மையில் ஒரு முதன்மை மொட்டும் அதற்குத் துணையான மொட்டுகளும் சேர்ந்த கூட்டு மொட்டு. முதன்மை மொட்டு சேதமானால் துணை மொட்டு விழிக்கும். ஆனால் அதில் காய்ப்பு பொதுவாகக் குறைவு.

எல்லாக் கணுவிலும் பூங்கொத்து உருவாவதில்லை. பன்னீர் திராட்சையில் அடிக்கணுக்களிலேயே காய்க்கும் மொட்டுகள் கிடைக்கின்றன. எனவே நான்கு போதும். தாம்சன் சீட்லெஸ் என்ற விதையில்லா ரகத்தில் அடிக்கணுக்கள் அவ்வளவு காய்ப்பதில்லை. மேற்கணுக்களில்தான் காய்ப்பு மிகுதி. எத்தனை மொட்டு விடுவது என்பதைப் பழக்கத்தால் மட்டும் முடிவு செய்யாமல், குச்சிகளின் மொட்டுகளை ஆய்வகத்தில் குறுக்கே சீவி நுண்ணோக்கியில் பார்த்து, எந்தக் கணுவில் பூங்கொத்து இருக்கிறது என்று கண்டறிந்து வெட்டும் முறையும் உண்டு.

மொட்டு உருவாகும் காலத்தில் அதற்கு வெயில் கிடைக்க வேண்டும். இலைகளின் அடர்ந்த நிழலில் உருவான மொட்டுகள் பெரும்பாலும் இலையும் பற்றுக்கம்பியும்தான் தரும். இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. திராட்சையில் பற்றுக்கம்பியும் பூங்கொத்தும் ஒரே வகைத் தொடக்கத்திலிருந்துதான் உருவாகின்றன. இரண்டும் தண்டில் இலைக்கு எதிர்ப்புறத்தில் தோன்றுவதைக் கவனித்தால் இது விளங்கும். நல்ல ஒளியும் உணவும் கிடைத்தால் அந்தத் தொடக்கம் பூங்கொத்தாகிறது. இல்லையேல் பற்றுக்கம்பியாக நின்றுவிடுகிறது. சில சமயம் பற்றுக்கம்பியின் நுனியில் ஓரிரு காய்கள் தொங்குவதை மாணவர்களே கண்டுபிடித்துக் காட்டுவார்கள்.

பந்தலில் ஏற்றும் முறை

கவாத்துக்கு முந்தைய கட்டம் கொடியைப் பழக்குவது. பந்தல் முறையில் அதன் படிகள் இவை.

வேர்விட்ட குச்சியை நட்டதும் வரும் தளிர்களில் வலுவான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். ஊன்றுகோலில் கட்டி நேராகப் பந்தல் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். பக்கக் கிளைகள் வந்தால் அவ்வப்போது நீக்க வேண்டும். பந்தலை எட்டியதும் நுனியைக் கிள்ள வேண்டும். இப்போது நுனி ஆதிக்கம் நீங்கிப் பக்க மொட்டுகள் துளிர்க்கும். அவற்றில் எதிரெதிர்த் திசையில் இரண்டைத் தேர்ந்து கம்பியில் படரவிட வேண்டும். இவையே கொடியின் இரு கைகள். ஒவ்வொரு கையின் நுனியையும் உரிய நீளத்தில் மீண்டும் கிள்ளினால் அடுத்த நிலைக் கிளைகள் வரும். இப்படிக் கிள்ளக் கிள்ளப் பந்தல் நிறையும்.

காய்ப்புப் பருவத்தில் தளிரில் 12 முதல் 15 கணுக்கள் வந்ததும் நுனியைக் கிள்ளுகிறார்கள். பற்றுக்கம்பிகளை நீக்குகிறார்கள். காய் பட்டாணி அளவு இருக்கும்போது நெருக்கமான குலைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காய்களை எடுத்துவிடுகிறார்கள். மீதிக் காய்கள் நெருக்கடியில்லாமல் பருக்கின்றன. நுனி ஆதிக்கம் என்ற ஒரே கருத்து, நடவு முதல் அறுவடை வரை இத்தனை முறை கையால் செய்து பார்க்கும் செயலாக இங்கே கிடைக்கிறது.

எங்கள் பள்ளிப் பந்தல்

2023 ஜூனில் நான்கு வேர்விட்ட குச்சிகளைப் பள்ளி வளாகத்தில் நட்டோம், இரண்டு நிலைத்தன. கருங்கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊர் எங்களுடையது. பழைய வேலிக்கல் நான்கை ஊரார் தந்தார்கள். அவற்றை ஊன்றிக் கம்பி கட்டினோம். 2024 மழைக்காலத்துக்குள் சிறு பந்தல் நிறைந்துவிட்டது.

எப்போது வெட்டுவது என்ற வினாவை ஒன்பதாம் வகுப்பிடம் விட்டேன். வெட்டியதிலிருந்து ஒன்று, ஒன்றரை மாதத்தில் பூ. ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம். பூக்கும்போதும் பழுக்கும்போதும் மழை பெய்யக் கூடாது. மழையில் அடிச்சாம்பல் நோய் வரும், பழம் வெடிக்கும். செஞ்சிக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பழம் பள்ளி நாளில் பழுக்க வேண்டும். மே மாதம் என்றால் பறிக்க யாரும் இருக்க மாட்டார்கள். இந்த நிபந்தனைகளை வைத்து நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணிய மாணவர்கள் டிசம்பர் முதல் வாரம் என்று முடிவு செய்தார்கள். நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வந்து விழுப்புரம் மாவட்டத்தையே வெள்ளக்காடாக்கியது. மண் ஆறும்வரை காத்திருந்து டிசம்பர் மூன்றாம் வாரத்தில் வெட்டினோம். உழவர் எவ்வளவு கணக்கிட்டாலும் கடைசி வரியை வானம் எழுதும் என்பதையும் அவர்கள் அந்த ஆண்டே பார்த்துவிட்டார்கள்.

வெட்டுவதற்கு முன் பன்னிரண்டு குச்சிகளுக்கு எண் கட்டி, ஒவ்வொன்றின் நிறம், தடிமன், அது வெயிலில் இருந்ததா நிழலில் இருந்ததா என்பதைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். பிப்ரவரியில் முடிவைச் சேர்த்தார்கள்.

• முற்றியவை, வெயில் பட்டவை: 6 குச்சிகள். நான்கு மொட்டு விட்டோம். பூங்கொத்து வந்தவை 5.
• முற்றியவை, நிழலில் இருந்தவை: 3 குச்சிகள். நான்கு மொட்டு விட்டோம். பூங்கொத்து வந்தது 1.
• மெலிந்தவை: 3 குச்சிகள். ஒன்று அல்லது இரண்டு மொட்டு விட்டோம். பூங்கொத்து இல்லை, மூன்றிலும் வலுவான புதுத் தளிர் வந்தது.

"அப்படியென்றால் நிழலில் இருப்பது காய்க்காது என்று எழுதலாமா?" என்று ஒரு மாணவர் கேட்டார். "மூணு குச்சியை வச்சு எப்படிச் சொல்ல முடியும்?" என்று இன்னொருவர் மறுத்தார். அடுத்த முறை எத்தனை குச்சிகள் வேண்டும், வேறு எதை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்று விவாதம் போனது. மாதிரியின் அளவு, கட்டுப்படுத்தும் காரணி ஆகிய சொற்களை நான் கரும்பலகையில் எழுதியது அதற்குப் பிறகுதான்.

ஒரு தாயின் கேள்வி

கவாத்து நாளுக்கு முந்தைய வாரம் மாணவி ஒருவரின் தாய் பள்ளிக்கு வந்தார். "டீச்சர், கொடி வெட்டவும் கள புடுங்கவும் எங்களுக்கே தெரியும். அதுக்கா பொண்ண பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறோம்?" என்றார்.

இந்தக் கேள்வியை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. தோட்டவேலை, மரம் நடுதல் என்று தொடங்கும் செயல்பாடுகள் பல இடங்களில் தண்ணீர் ஊற்றுவதிலும் குப்பை அள்ளுவதிலும் முடிகின்றன. அந்த வேலை எந்தப் பிள்ளைகளின் தலையில் விழுகிறது என்பதும் பெற்றோருக்குத் தெரியும். தம் கையிலிருந்த அரிவாள் பிள்ளையின் கைக்குப் போகக் கூடாது என்பதற்காகவே அவர்கள் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்.

நான் அவரிடம் மாணவியின் குறிப்பேட்டைக் காட்டினேன். பன்னிரண்டு குச்சிகளின் அட்டவணை, மொட்டின் படம், நாட்காட்டிக் கணக்கு எல்லாவற்றையும் மகளே படித்துக் காட்டினாள். அவர் கேட்டுவிட்டு, "எழுதறதா இருந்தா சரி டீச்சர். வேல செய்யறதா இருந்தா வேணாம்" என்றார். அதற்குப் பிறகு பந்தலைப் பார்த்தபடி, தான் மல்லிகைத் தோட்டத்தில் வேலை செய்ததைச் சொன்னார். கார்த்திகையில் மல்லிகையை முழங்கால் உயரத்துக்கு வெட்டுவார்களாம். அவருடைய மகள் உடனே அளவுகோலை எடுத்து அவர் காட்டிய உயரத்தை அளந்தாள்: 48 செ.மீ. மல்லிகையை நவம்பர் இறுதி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்ய வேண்டும் என்பதே வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. அன்று அந்தத் தாய் சொன்னதைக் கேட்டு வகுப்பே குறிப்பேட்டில் எழுதியது.

அவர் சொன்ன வரியையே எங்கள் செயல்பாட்டின் விதியாக வைத்துக்கொண்டோம். எழுதுவதற்கு எதுவும் இல்லாத வேலையை மாணவர்கள் செய்வதில்லை. மேலும் சில விதிகள்:

• தோட்டவேலை தண்டனையாகவோ, பாடவேளைக்கு மாற்றாகவோ தரப்படாது.
• கத்தரியை ஆசிரியரோ, ஆசிரியர் அருகிலிருக்க ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்டோரோ மட்டும் பயன்படுத்துவர். சிறியவர்கள் எண்ணுவார்கள், அளப்பார்கள், வரைவார்கள்.
• பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி எதையும் மாணவர் தொடக் கூடாது. மொட்டு விழிக்கத் தோட்டங்களில் பயன்படுத்தும் ஹைட்ரஜன் சயனமைடு நச்சுப் பொருள். பள்ளி வளாகத்துக்குள் அதற்கு இடமில்லை.
• பெண், ஆண், எந்தத் தெரு என்ற வேறுபாடின்றிச் சுழற்சி முறையில் பணி பிரிக்கப்படும்.

பாடந்தோறும் பயன்படுத்த

அறிவியல்: வெட்டிய சில நாள்கள் வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டும். இது வேர் அழுத்தத்துக்கு நேரடிச் சான்று. ஆங்கிலேய அறிவியலாளர் ஸ்டீபன் ஹேல்ஸ், வெட்டிய திராட்சைத் தண்டில் குழாயைப் பொருத்திச் சாறு ஏறும் உயரத்தை அளந்து 1727-இல் வெளியிட்டார். ஒளி ஊடுருவும் சிறு குழாய் ஒன்றைக் குச்சியின் முனையில் இறுகக் கட்டி, மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறித்தால் அதே சோதனையை நம் வளாகத்தில் செய்யலாம். வெட்டி விழுந்த குச்சிகளின் மொட்டுகளை ஆசிரியர் பிளேடால் சீவித் தர, மாணவர்கள் கைலென்சில் பார்க்கலாம்.

வேதியியல்: போர்டோ கலவை மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. பிரான்சின் போர்டோ பகுதியில் சாலையோரக் கொடிகளில் பழத்தைத் திருடாமலிருக்கத் தெளித்த கலவை நோயையும் தடுப்பதை மில்லார்டே என்ற தாவரவியலாளர் கவனித்து, 1885-இல் அறிவித்தார். உற்றுநோக்கலுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

கணிதம்: பன்னீர் திராட்சைக்கு இடைவெளி 3 மீ × 2 மீ. ஒரு கொடிக்கு 6 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேருக்கு எத்தனை கொடிகள்? 1,666. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன் விளைந்தால் ஒரு கொடிக்கு எவ்வளவு? ஏறத்தாழ 18 கிலோ. வேறு ரகங்களுக்கு 4 மீ × 3 மீ என்றால் எண்ணிக்கை எப்படி மாறும் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

தமிழ்: 'கவாத்து' என்ற சொல்லைக் காவலர் அணிவகுப்புப் பயிற்சிக்கும் பயன்படுத்துகிறோம். திராட்சைக்குக் 'கொடிமுந்திரி' என்ற பெயரும் உண்டு. கழித்தல், கிள்ளுதல், ஒடித்தல், சீவுதல், தறித்தல் என்று வெட்டுவதற்கு வீட்டில் எத்தனை சொற்கள் வழங்குகின்றன, எந்தச் செடிக்கு எந்தச் சொல் என்று தொகுக்கச் சொன்னால் நல்ல பட்டியல் கிடைக்கும்.

சமூக அறிவியல்: புவிசார் குறியீடு, முல்லைப்பெரியாற்றுப் பாசனம், பருவமழை வேறுபாடு ஆகியவற்றை ஒரே பழத்திலிருந்து தொடங்கலாம்.

திராட்சை இல்லாத பள்ளிகளில்

பந்தலும் கம்பியும் கட்டாயமில்லை. செடிமுருங்கையை விதைத்து, 75 செ.மீ. உயரம் வந்ததும் பாதிச் செடிகளில் மட்டும் நுனியைக் கிள்ளிவிட்டு, இரு பிரிவிலும் பக்கக் கிளைகளை எண்ணலாம். செம்பருத்தி, மல்லிகை, வேலியோரச் சுரைக்கொடி எதுவும் உதவும். தொடக்கப் பள்ளியில் தொட்டியில் துளசி போதும். ஒன்றைக் கிள்ளி, ஒன்றைக் கிள்ளாமல் விட்டு, இரண்டு வாரம் கழித்துத் தளிர்களை எண்ணச் சொல்லுங்கள். எண்ணுவதும் படம் வரைவதும் முதல் வகுப்புக் குழந்தைக்கும் முடியும்.

தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்திருக்கிறோம். கவாத்தைக் கண்டிப்புக்கு உவமையாகச் சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. கம்பத்துப் பெரியவர் மெலிந்த குச்சியை ஒரு மொட்டுக்கு வெட்டியது கண்டிப்பதற்காக அல்ல. அந்தப் பருவத்தில் அதனிடம் பழம் எதிர்பார்க்காமல், வளர்வதற்கு மட்டும் அவகாசம் கொடுத்தார். அதற்கு முன் அதை உருட்டிப் பார்த்திருந்தார். அடிப்படை நிலைக் குழந்தைக்குத் தனிப் பயிற்சி ஏடு கொடுக்கும்போது நாமும் இதைத்தான் செய்கிறோம்.

எங்கள் பந்தலில் 2025 ஏப்ரல் நடுவில் முதல் குலைகள் பழுத்தன. ஆளுக்கு ஐந்தாறு பழம்தான் வந்தது. விதையை எண்ணி எழுதிய பிறகே தின்றார்கள். நிழலில் இருந்த மொட்டுகள் பற்றிய விவாதம் இன்னும் தீரவில்லை. இந்த முறை முப்பது குச்சிகளுக்கு எண் கட்டுவதாக வகுப்பு முடிவு செய்திருக்கிறது. உங்கள் பள்ளியில் திராட்சையோ முருங்கையோ மல்லிகையோ எதை எடுத்துக்கொண்டாலும், எத்தனை செடிகள், எந்த நாளில் வெட்டினீர்கள், எத்தனை தளிர் வந்தது என்ற மூன்றையும் மாணவர் கையெழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள பள்ளியோடு அந்த ஏட்டை மாற்றிப் படித்தால், முப்பது குச்சி அறுபதாகும்.